“ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்று வீட்டு உரிமையாளர் சொன்னால்

ஒப்பந்தக் காலம் முடியுமுன் வாடகை வீட்டைக் காலி செய்ய நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். என் முன்பணம் முழுவதும் போய்விட்டது. போதாததற்கு, நான் குடியிராத மாதங்களுக்கு வாடகை கேட்டு நோட்டீஸும் வந்திருக்கிறது.

வேலை மாற்றலானதும் உரிமையாளரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்தேன். “உங்களுக்குப் பதில் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுங்கள், தாராளமாகப் போகலாம்” என்றார். ஒரு குடும்பத்தை அழைத்து வந்தேன். அவரே உட்கார்ந்து பேசினார், அடையாள அட்டை நகல்களை வாங்கிக்கொண்டார், அவர்களிடம் தனியாக முன்பணமும் பெற்றார். ஒப்பந்தத்தை அவர்கள் பெயரில் எழுதச் சொன்னபோது, “அதற்கென்ன அவசரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். என் முன்பணத்தைக் கேட்டபோதும் அதே பதில்தான்.

வந்தவர்கள் சில மாதங்களில் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றே உரிமையாளரின் பேச்சு மாறியது. ஒப்பந்தம் இன்னும் என் பெயரில் இருக்கிறதாம். அனுமதியில்லாமல் நான் உள்வாடகைக்கு விட்டேனாம். இரண்டு முன்பணங்களையும் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது?

உள்வாடகைக்கு விடுவது வேறு, ஒப்பந்தத்தைப் புதியவர் பெயருக்கு மாற்றுவது வேறு, அதை முடித்துக்கொள்வது வேறு. உள்வாடகைக்கு வந்தவர் வாடகை தராவிட்டால் உரிமையாளருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். பெயர் மாற்றும்போதும், நம்மை விடுவிப்பதாக எழுதி வாங்காவிட்டால் பல இடங்களில் பொறுப்பு நம்மை விடாது. இன்ன தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது, சாவி பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை, முன்பணத்தை இந்தத் தேதிக்குள் தருவேன் என்று உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால்தான் நிம்மதியாக வெளியேறலாம். இடையில் காலி செய்தால் எத்தனை மாத வாடகை தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். சில சமயம் அந்தத் தொகையைக் கட்டிவிட்டுக் கிளம்புவதே மலிவு. வேறு ஆள் தேடி நஷ்டத்தைக் குறைக்கும் கடமை உரிமையாளருக்கும் உண்டு என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊர் நிலவரத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

புதிய குடும்பத்தின் பெயருக்கே உரிமையாளர் தன் கையால் எழுதிக் கொடுத்த வாடகை ரசீதுகளின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. அவர்களையே குடியிருப்பவர்களாக அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இவை வலுவான சான்று என்கிறார் வழக்கறிஞர். பதில் நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். முன்பணத்தையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.