டெராஃபோம் வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்கும் வழிகள்: பிழை விட்டால் எது வாய் திறக்கும்?

பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் எங்கள் சின்ன அலுவலகம். போன மாதம் ஒரு பின்னேரம் தம்பி ஒருவன் வந்து, "அண்ணை, சேர்வர் சிங்கப்பூரில இல்லை, மும்பாயில எழும்பி நிக்குது" என்றான். சிங்கப்பூர்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் எழுத்திலேயே தந்திருந்தார். சேர்வர்களைக் கோட் எழுதி எழுப்பும் கருவியான டெராஃபோம் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. இரண்டு மணித்தியாலம் தேடிக் கண்டுபிடித்தோம்: டிஎஃப்_வார்_ என்று தொடங்கும் சூழல் மாறியில் (இயங்குதளத்தில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு), சேர்வர் எழும்பும் இடத்தைக் குறிக்கும் றீஜன் என்ற சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. றீஜன் என்ற வேரியபிளின் (கோட் வெளியிலிருந்து வாங்கும் மதிப்பு) டிஃபோல்ட், அதாவது எதுவும் கொடுக்காவிட்டால் எடுபடுவது, மும்பாய். அது எடுபட்டுவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: பெயரைப் பிழையாக எழுதினால் எனக்குச் சொல்லுமா?

அதே எழுத்துப் பிழையைக் கட்டளை வரியில் -வார் என்று கொடுத்தால், அப்படியொரு வேரியபிள் இல்லை என்று நிறுத்திவிடும். மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் டிஎஃப்வார்ஸ் ஃபைலில் எழுதினால் எச்சரித்துவிட்டுத் தொடரும். அவசரத்தில் அது கண்ணில் படாமல் போகலாம். சூழல் மாறி மட்டும் மூச்சே விடாது.

அப்படியென்றால் -வார் தான் நல்லதா? ஒன்றிரண்டு மதிப்புக்குச் சரி. பத்து மதிப்பை ஒரே வரியில் அடித்தால், நேற்று என்ன கொடுத்தோம் என்பதற்குக் கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் தடயம் இருக்காது.

எனக்குப் பிடித்தது -வார்-ஃபைல், எந்த டிஎஃப்வார்ஸ் ஃபைலை எடுப்பது என்று கட்டளை வரியில் சொல்லும் வழி. டெராஃபோம்.டிஎஃப்வார்ஸ் தானாக ஏறிவிடும். ஒரே சூழல் மட்டும் என்றால் அது போதும். சோதனை, நேரலை என்று இரண்டு வந்துவிட்டால், எந்த ஃபைல் என்று ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வைக்கிற வழியே பாதுகாப்பு.

ஒரே வேரியபிளுக்குப் பல வழியில் மதிப்பு வந்தால் எது வெல்லும் என்ற வரிசையில்தான் பலர் இடறுகிறார்கள். டிஃபோல்ட்டுக்கு அடுத்தபடியாக மிகப் பலம் குறைந்தது சூழல் மாறி. அதை டெராஃபோம்.டிஎஃப்வார்ஸ் வெல்லும், அதை .ஓட்டோ.டிஎஃப்வார்ஸ் என்று முடியும் ஃபைல்கள் அகர வரிசையில் வெல்லும், எல்லாவற்றையும் கட்டளை வரி வெல்லும். சூழல் மாறி ஃபைலை மீறும் என்று நம்பி இருப்பவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஆனாலும் கடவுச்சொல்லுக்குச் சூழல் மாறியையே வைத்திருக்கிறோம், ஃபைல் கிட்டுக்குள் போய்விடும் என்பதால். சென்சிட்டிவ் என்று குறித்தால் திரையில் மறையும். எழுப்பியவற்றை டெராஃபோம் பதிந்து வைக்கும் ஸ்டேட் ஃபைலில் அது வெளிச்சமாகவே கிடக்கும். 2024இல் வந்த 1.10 பதிப்பின் எஃபெமரல் வேரியபிள், மதிப்பை ஸ்டேட்டிலும் பிளானிலும் (செய்யப்போகும் மாற்றங்களின் பட்டியல்) எழுதாது. ஆனால் எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்த முடியாது. டெராஃபோமிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபுவின் 1.7 பதிப்பு ஸ்டேட்டையே குறியாக்கம் செய்ய இடம் தருகிறது.

றீஜனிலிருந்து டிஃபோல்ட்டை எடுத்துவிட்டோம். சிங்கப்பூரைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி வலிடேஷன் ஒன்றும் போட்டோம். தானியங்கி ஓட்டத்தில் -இன்புட்=ஃபோல்ஸ் கொடுத்திருக்கிறோம், மதிப்பைக் கேட்டுக் காத்துக்கிடக்காமல் இருக்க. பிறகு தம்பி வேண்டுமென்றே பழைய எழுத்துப் பிழையோடு ஓட்டிப் பார்த்தான். றீஜனுக்கு மதிப்பு இல்லை என்று சிவப்பில் எழுதி, ஒரு சேர்வரைக்கூடத் தொடாமல் நின்றது.