ஆள் மாறிக் கைதா? உயர் நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா?

பிடியாணையில் இருந்தது மச்சானின் பெயர்தான். தகப்பன் பெயரும் விலாசமும் வேறு. பொலிஸார் பிடிக்க வந்தபோது, திருகோணமலை உப்புவெளி வீட்டு வாசலில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. மறுநாள் நீதவான் முன்னால்தான் விஷயம் தெளிந்தது.

ஆள் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பொலிஸுக்கு எதிரான வழக்கு நிற்காது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பல குற்றங்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் பிடியாணை இல்லாமலே பிடிக்கலாம். பிறகு ஆள் வேறு என்று தெரிந்தாலும் அந்தக் கைது சட்டப்படியானதாகவே இருக்கலாம். கையிலிருந்த தகவலைச் சரிபார்த்தார்களா, காரணம் சொன்னார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீட்டிய அட்டையைப் பார்க்காதது எங்களுக்குப் பிடி கொடுத்தது.

மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க இரண்டு வருடம் இருக்கிறது. ஊரிலேயே முடியும். பொய் முறைப்பாடு கொடுத்த அயலவர் யாராவது இருந்தால் அவரையும் இழுக்கலாம். ஆனால் அரச உத்தியோகத்தருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அப்புறம் சாட்சிக் கூண்டு, தவணைகள். நாங்கள் போகாத வழி, அதனால் இதோடு விடுகிறேன்.

நாங்கள் எடுத்தது உயர் நீதிமன்றத்தில், அதாவது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில், அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 13(1), 126ஆம் உறுப்புரைகள்; முதலாவது சட்டப்படியல்லாத கைதுக்கு எதிரானது, மற்றது இந்த மனுவுக்கு வழி தருவது. கொழும்பு புதுக்கடைக்குப் போய்வர வேண்டும், இரவு ரயில் செலவு வேறு. ஆனாலும் பெரும்பாலும் சத்தியக்கடதாசியிலும் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) ஆவணங்களிலுமே வழக்கு நடக்கிறது. கூலி வேலைக்காரனுக்கு அது பெரிய நிம்மதி.

ஒரே கண்டம், காலம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். விடுதலையானவர் வீட்டில் படுத்து, வெட்கம் தீர்ந்து, காசு தேடுவதற்குள் மாதம் பறந்துவிடும். மாதம் முடிவதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருப்பதையும் காட்ட வேண்டும் என்று தீர்ப்புகள் உண்டு. ஆணைக்குழுவின் பரிந்துரையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. அதனால் அங்கே முறைப்பாட்டைப் போட்டுவிட்டு, மனுவையும் மாதத்துக்குள்ளேயே தாக்கல் செய்தோம்.

எவ்வளவு நட்டஈடு கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, வழக்கு நடக்கிறது. சட்டத்தரணியிடம் போன அன்று மச்சான் கதையைத் தொடங்கவே, அவர் கையை உயர்த்திக் கேட்டார்: "முதல்ல திகதியைச் சொல்லுங்க தம்பி."

இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.