ஜெனரேட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தால் பழைய செம்பைத் திருப்பிக் கேளுங்கள்

பழைய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும், ஒன்றை வாங்கிச் சீர்செய்ய நினைப்பவர்களும் மெஷினைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "காயில் போச்சு சார், புதுசா கட்டணும்" என்று ஒரே வாக்கியம். என் ஜெனரேட்டரில் இருந்த நல்ல செம்பு மொத்தமும் அதோடு போய்விட்டது. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நடந்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனி செய்த 6/1 டீசல் எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், நிமிஷத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன், இரண்டு பக்கமும் கனத்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீல். அதிலிருந்து பெல்ட்டில் ஓடி மின்சாரம் தயாரிக்கும் நான்கு துருவ ஆல்டர்னேட்டர். ஃபீல்டுக்கு, அதாவது காந்தத்தை உண்டாக்கும் காயிலுக்கு, மின்சாரம் கொடுக்க அதன் பின்முனையில் தனியாக ஒரு சின்ன டி.சி. எக்ஸைட்டர். நேம்பிளேட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), 1500 சுற்று என்று இருக்கும்.

பல வருஷம் ஓடாமல் கிடந்த செட். பட்டறையில் நான் கேட்டது பிஸ்டன் ரிங், பேரிங், எக்ஸைட்டரில் சுழலும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகப் பிடிப்பது, அதன்மேல் உரசி நிற்கும் கார்பனைப் புதிதாகப் போடுவது, அவ்வளவுதான். வைண்டிங்கை, அதாவது காயிலாகக் கட்டிய கம்பியை, தொடச் சொல்லவே இல்லை. கொடுப்பதற்கு முன் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தேன். 20 மெகாஓமுக்கு மேல் காட்டியது. சும்மா கிடந்த பழைய மெஷினுக்கு இது அருமையான அளவு. 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் பெரும்பாலும் ஈரம்தான் காரணமாக இருக்கும், மெதுவாகச் சூடுகாட்டி உலர்த்தினால் அளவு ஏறிவிடும்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. எஞ்சின் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை, காயில் போய்விட்டது என்றார்கள். மெக்கர் அளவைச் சொன்னேன். "அதெல்லாம் சரிவராது சார், பிரிச்சாச்சு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் ஸ்டேட்டரில், அதாவது ஆல்டர்னேட்டரின் சுழலாத வெளிப்பாகத்தில், ஒரு கம்பி இல்லை. பழைய வார்னிஷ் இளகுவதற்காகத் தீயில் போட்டு எரித்திருக்கிறார்கள். அதன் இரும்புத் தகடுகளின் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. செம்பு எங்கே என்று கேட்டேன். "வேஸ்ட்டு சார், எடைக்குப் போட்டாச்சு."

கரண்ட் வராததற்குக் காயில்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. இந்த மாதிரி எக்ஸைட்டர், தன் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு காந்தத்தை வைத்துத்தான் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கும். அந்தச் சிறு மின்சாரம் ஃபீல்டுக்குப் போகும், காந்தம் வலுக்கும், வோல்டேஜ் படிப்படியாக ஏறும். வருஷக்கணக்கில் கிடந்தாலோ, பிரித்துத் தட்டிக்கொட்டி மாட்டினாலோ அந்த மிச்சக் காந்தம் போய்விடலாம். அப்போது எத்தனை நேரம் ஓட்டினாலும் மீட்டர் முள் அசையாது. வைத்தியம் சுலபம்: செட்டை நிறுத்தி, எக்ஸைட்டரின் கார்பனைத் தூக்கிவிட்டு, ஃபீல்டு முனைகளில் 12 வோல்ட் பாட்டரியைச் சில விநாடி தொட்டு எடுக்க வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது. எடுக்கும்போது ஃபீல்டு காயில் ஒரு உதை கொடுக்கும், வெறுங்கையால் முனையைப் பிடிக்கவும் கூடாது. வேலை இவ்வளவுதான், செலவும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பழைய செட்டைத் தொடுகிற எந்த மெக்கானிக்கும் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் இது. அதைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

புதிதாகக் கட்டி ஓட்டியும் காட்டினார்கள். வோல்ட்மீட்டரில் அழகாக 230, பக்கத்தில் ஒரு பல்பு பிரகாசமாக எரிகிறது. பார்ப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எஞ்சின் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. லிஸ்டருக்கு ஒரு நிதானமான டுக்-டுக் உண்டு, இது பதறிக்கொண்டு ஓடியது. மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தேன், 56. நான்கு துருவ மெஷினில் 56 என்றால் 1680 சுற்று. எஞ்சின் பக்கம் 728. கட்டிய காயிலில் கம்பிச் சுற்று குறைவு, சரியான வேகத்தில் 230 வராது. அதனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்கி, எஞ்சினை விரட்டி வோல்டேஜை ஏற்றியிருக்கிறார்கள்.

இது பணத்தோடு போகிற விஷயமில்லை. வேகம் 12 சதவீதம் கூடினால் ஃப்ளைவீலில் ஏற்படும் இழுவிசை 25 சதவீதம் கூடும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. பழைய வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து சக்கரம் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். இந்தக் கரண்டில் சென்ட்ரிஃபியூகல் பம்பை ஓட்டினால் மோட்டார் இழுக்கும் சக்தி 40 சதவீதம் வரை ஏறும், அடுத்து எரிவது அந்த மோட்டாரின் காயில்தான். ஹெர்ட்ஸ் மீட்டர் இல்லாதவர்கள் மின்சாரத்தில் ஓடும் பழைய சிங்க்ரனஸ் மோட்டார் கடிகாரத்தைச் செருகிப் பாருங்கள். 56 ஹெர்ட்ஸில் மணிக்கு 7 நிமிஷம் முந்தும்.

லோடு கொடுத்ததும் வோல்டேஜ் சரிந்து ஸ்டேட்டர் கொதித்தது. வேறொருவரிடம் கொண்டுபோய்த் திறந்தோம். கம்பி நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியம்! மேலே பூசிய எனாமல்தான் செம்பு நிறம். ஒரே கனமுள்ள கம்பியில் அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். செம்புக்குக் கணக்குப் போட்டு வெட்டிய பள்ளங்களில் தடித்த அலுமினியக் கம்பி நுழையாது, அதனால்தான் கம்பிச் சுற்றையும் குறைத்திருக்கிறார்கள். பில்லில் "ரீவைண்டிங்" என்று மட்டும் இருக்கிறது. செம்பு என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்கிறார்கள் இப்போது.

நான் கேட்ட வேலையாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. கம்யூட்டேட்டரை லேத்தில் பிடித்தவர்கள் செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைக் கீழே இறக்கவில்லை. மைக்கா மேலே நின்றால் கார்பன் குதிக்கும், பொறி பறக்கும். போதாததற்கு எமரி துணியால் தேய்த்திருக்கிறார்கள். அந்தத் துகள் செம்பில் பதிந்து கார்பனைத் தின்றுவிடும். கண்ணாடித்தூள் தாளால் தேய்க்க வேண்டிய இடம் அது.

கம்பியையும் மைக்காவையும் இனிச் சரிசெய்யலாம். தீயில் வெந்த தகடுகள்தான் பிரச்சினை. தகடுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய இன்சுலேஷன் எரிந்துபோனால் எத்தனை நல்ல செம்பைக் கட்டினாலும் இரும்பே சூடாகும். இந்தத் தகடுகளால் ஆன இரும்புக் கோரைச் சுற்றி கேபிள் போட்டு மின்சாரம் செலுத்திப் பார்த்ததில் இரண்டு இடங்கள் மற்ற இடங்களைவிடச் சீக்கிரமே சுட்டன. புது மெக்கானிக் செம்பில் கட்டித் தருகிறேன் என்கிறார், ஆனால் முழு லோடுக்கு உத்தரவாதம் தரமாட்டாராம். அவர் சொல்வது நியாயம்தான்.

உங்கள் மெஷினைக் கொடுக்கும்போது மெக்கர் அளவையும் ஒவ்வொரு வைண்டிங்கின் ஓமையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்னைக் கேட்காமல் வைண்டிங்கை வெட்டக்கூடாது, வெட்டினால் பழைய கம்பி முழுவதும் எடைபோட்டு என்னிடம் வர வேண்டும், கம்பி செம்பா அலுமினியமா, என்ன கேஜ் (கம்பியின் கனம்), எத்தனை சுற்று என்பது பில்லில் இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். லோடு கொடுத்து வோல்டேஜும் ஹெர்ட்ஸும் சேர்த்துக் காட்டிய பிறகு மீதிப் பணம். இதற்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் மெஷினை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.