ஆர்ம் மடிக்கணினியில் லினக்ஸ்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏரில், ஆப்பிள் கணினிகளுக்கென உருவான லினக்ஸ் பதிப்பான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸை நிறுவி, எழுத்துப் பணிக்கும் நிரல் வேலைக்கும் அதையே நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். எம்1 போன்ற ஆர்ம் வகைச் செயலியில் லினக்ஸ் என்றதும் பலரும் முதலில் கேட்பது, வேண்டிய மென்பொருள்கள் கிடைக்குமா என்பதுதான். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தீர்ந்துவிட்ட சிக்கல். லிப்ரெஆபிஸ், கிம்ப், எழுத்துணரி தெசராக்ட், தமிழில் தட்டச்சிட ஐபஸ் என எனக்குத் தேவையானவை எல்லாம் ஃபெடோராவின் ஆர்ம் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. மூலநிரல் வெளிவராதவைதாம் இடறுகின்றன. என் அச்சுப்பொறியைத் தயாரித்த நிறுவனம் இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட எக்ஸ்86 கணினிகளுக்கு மட்டுமே இயக்கி தருவதால், அச்சிட வேண்டியவற்றை இன்றும் பழைய கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்ம் கணினியில் லினக்ஸை இயக்குவதிலுள்ள உண்மையான சிக்கலின் வேர் வேறிடத்தில் உள்ளது. எக்ஸ்86 மடிக்கணினி தன்னிடம் என்னென்ன உறுப்புகள் உள்ளன என்பதை ஏசிபிஐ எனப்படும் வன்பொருள் விவர அட்டவணைகள் வழியாக இயங்குதளத்துக்குத் தெரிவித்துவிடுவதால், ஒரே நிறுவல் கோப்பு எண்ணற்ற மாதிரிகளில் இயங்குகிறது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் என்னும் ஆர்ம் செயலி கொண்ட மடிக்கணினிகளிலும் அத்தகைய அட்டவணைகள் உண்டு. ஆனால் அவை விண்டோஸின் தனி இயக்கிகளை நம்பி எழுதப்பட்டவை என்பதால், லினக்ஸுக்காக ஒவ்வொரு மாதிரிக்கும் ‘டிவைஸ் ட்ரீ’ என்ற விவரக் கோப்பை யாரேனும் எழுதியாக வேண்டும்.

ஆப்பிள் கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி குழுவினர் ஆப்பிளிடமிருந்து ஆவணம் எதுவும் இல்லாமல் இதைச் செய்தார்கள். 2022 மார்ச்சில் முதல் சோதனைப் பதிப்பும், 2023 டிசம்பரில் ஃபெடோரா பதிப்பும் வந்தன. அடுத்த ஆண்டு வரைகலை இயக்கிகள் ஓப்பன்ஜிஎல் 4.6, வல்கன் 1.3 ஆகிய வரைகலை நியமங்களுக்கான தரச்சான்றைப் பெற்றன. ஆனால் நான் அதிகம் வியந்தது ஒலிபெருக்கியைக் கண்டுதான். இக்கணினிகளின் ஒலிபெருக்கிகளை அவை தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் கம்பிச்சுருள் எரிந்துவிடும். அதனால் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து சுருளின் வெப்பத்தைக் கணித்து, வரம்பை நெருங்கும்போது ஒலியளவைக் குறைக்கும் ஒரு காவல் நிரலை அவர்கள் ரஸ்ட் மொழியில் எழுதினார்கள். எக்ஸ்86 பயனர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டார்.

எக்ஸ்86 மென்பொருள்களை இயக்கவும் இதே போன்ற சுற்றுவழி தேவைப்பட்டது. அசாஹியில், இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. எக்ஸ்86 நிரல்களோ 4 கேபி பக்கங்களை எதிர்பார்க்கின்றன. ஆகவே, 4 கேபி கெர்னல் கொண்ட சிறு மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் எக்ஸ்86 கட்டளைகளை ஆர்ம் கட்டளைகளாக மாற்றும் ஃபெக்ஸ் என்னும் மொழிமாற்றியை ஓட்டுகிறார்கள். சிறு கருவிகளுக்கு இது போதும். விளையாட்டுகளுக்கு 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்று குழுவினரே சொல்கிறார்கள். கைரேகை உணரி இன்னும் லினக்ஸுக்கு எட்டாத பகுதி, அது இல்லாமலே பழகிவிட்டது.

இத்தனை உழைப்பும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் தோள்களில் இருந்தது என்பதே என் கவலை. திட்டத்தைத் தொடங்கிய ஹெக்டர் மார்ட்டின் 2025 பிப்ரவரியிலும், வரைகலை இயக்கிகளில் பெரும்பங்காற்றிய அலிசா ரோசன்ஸ்வெய்க் அதே ஆண்டு ஆகஸ்டிலும் விலகினார்கள். மற்றவர்கள் பணியைத் தொடர்கிறார்கள், திருத்தங்களும் ஒவ்வொன்றாக எல்லா லினக்ஸ் பதிப்புகளுக்கும் அடிப்படையான மூலக் கெர்னலில் சேர்ந்து வருகின்றன.

குவால்காம் தன் இயக்கிகளைத் தானே மூலக் கெர்னலுக்கு அனுப்புவதால் ஸ்னாப்டிராகன் பக்கம் எளிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட்டில் லினக்ஸ் மடிக்கணினி ஒன்றை உருவாக்க முனைந்த டக்சிடோ நிறுவனம் 2025 நவம்பரில் அதைக் கைவிட்டது. மின்கலம் எதிர்பார்த்த நேரம் நிற்கவில்லை, லினக்ஸிலிருந்து பயாஸைப் புதுப்பிக்க வழியில்லை, மின்விசிறிக் கட்டுப்பாடும் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் வசதியும் கைகூடவில்லை என்பன அது சொன்ன காரணங்களுள் சில. முழுநேரப் பொறியாளர்கள் உள்ள நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், கடையில் வாங்கிய மாதிரியில் உபுண்டுவை ஏற்றிப் பார்க்கும் தனியாள் என்ன செய்வார்?

இன்று ஆர்மில் லினக்ஸ் வேண்டும் என்பவருக்கு, பழைய எம்1 அல்லது எம்2 கணினியையே பரிந்துரைப்பேன். அதிலும், வெளித்திரை தேவைப்படுவோர் எச்டிஎம்ஐ துளை உள்ள மாதிரியையே தேட வேண்டும். ஸ்னாப்டிராகன் கணினியில் மனம் வைத்தவர்கள், தாங்கள் வாங்கப்போகும் மாதிரியின் டிவைஸ் ட்ரீ மூலக் கெர்னலில் சேர்ந்துவிட்டதா என்று முதலில் பார்க்கட்டும். சேர்ந்திருந்தாலும், வன்பொருள் உறுப்புகளுக்குத் தேவையான சில ஃபர்ம்வேர் கோப்புகளை விண்டோஸ் உள்ள வட்டுப் பகிர்விலிருந்து எடுக்க நேரிடலாம் என்பதால் அந்தப் பகிர்வை அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம்.