ஓய்வூதியத்தில் பெண்களுக்கு நியாயம்: பிரிட்டன், போலந்து, ஜெர்மனி

அரசு ஓய்வூதியத்தில் ஆணையும் பெண்ணையும் நியாயமாக நடத்த இந்த மூன்று நாடுகளும் மூன்று வெவ்வேறு வழிகளை முன்னிறுத்தியுள்ளன.

பிரிட்டன் வயதைச் சமமாக்கியது. 1940 முதல் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்றிருந்ததை 2010 தொடங்கிப் படிப்படியாக மாற்ற 1995இல் சட்டம் இயற்றப்பட்டது. அந்தக் கொள்கையில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரைவுபடுத்தி, 2020 அக்டோபருக்குள் இருபாலருக்கும் 66 என்றாக்கியதால், 1950களில் பிறந்த பெண்கள் பலருக்குத் திட்டமிட அவகாசமே இல்லாமல் போயிற்று. வயது உயர்வை உரிய காலத்தில் தெரிவிக்காதது நிர்வாகத் தவறு என்று கண்டறிந்த நாடாளுமன்றக் குறைதீர் அதிகாரி, 2024 மார்ச்சில் 1,000 முதல் 2,950 பவுண்டு வரையிலான இழப்பீட்டைப் பரிந்துரைத்தார். வயது உயர்வைத் தெரிவிக்கும் கடிதங்கள் தாமதமானதற்கு டிசம்பரில் அரசு மன்னிப்புக் கேட்டது. இழப்பீடு தர மறுத்தது. தவற்றை ஏற்றுக்கொண்ட பிறகு ஈடு தர மறுப்பது பெரும் அநீதி.

போலந்து இருபாலருக்கும் ஓய்வூதிய வயதைப் படிப்படியாக 67 என உயர்த்த 2012இல் சட்டம் இயற்றி, 2017 அக்டோபரில் பழையபடி பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று திரும்பியது. பார்வைக்கு இது சலுகை. ஆயினும் அங்கு 1999 சீர்திருத்தத்தின்படி, ஒருவர் கணக்கில் சேர்ந்த பங்களிப்பை எஞ்சியிருக்கும் சராசரி ஆயுள் மாதங்களால் வகுத்தே மாத ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. 60 வயதில் விலகும் பெண்ணுக்குச் சேர்ந்த தொகையும் குறைவு, அதை வகுக்கும் மாதங்களும் அதிகம் என்பதால், கடைசி வரை குறைந்த தொகையே அவருக்குக் கிடைக்கிறது.

குறை வயதில் மட்டும் இல்லை, ஊதியமின்றிக் கழிந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பதை ஜெர்மனியின் வழி நேரடியாக எதிர்கொள்கிறது. 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று ஆண்டுகள், ஏறத்தாழ சராசரி ஊதியம் ஈட்டியதற்கு இணையாக, வளர்த்தவரின் கணக்கில் சேர்கின்றன. தந்தை வளர்த்திருந்தால் அவருக்கும் சேரும். 1992க்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு முதலில் ஓராண்டே கிடைத்தது. 2014இல் அது இரண்டாகவும், 2019இல் இரண்டரையாகவும் உயர்ந்தது. பிரிட்டனும் குழந்தை வளர்ப்புக்கு வரவு தருகிறது என்றாலும், ஜெர்மனியின் ஏற்பாடே எனக்கு மேலானதாகப் படுகிறது. ஆனால் முதுமைக்கால அடிப்படை உதவித்தொகையில் வாழும் ஏழைத் தாய்மார்களுக்கு இந்தக் கூடுதல் ஓய்வூதியம் வருமானமாகக் கணக்கிடப்பட்டு, உதவித்தொகை அதற்கேற்பக் குறைக்கப்படுவதால், மிகவும் தேவைப்படுவோரில் பலர் பயனடைவதில்லை. ஜெர்மனி முதலில் திருத்த வேண்டியது இந்த விதியைத்தான்.