எட்டுக்கு ஒன்று

டிசம்பரில் மூன்று வாரம் கோவை போயிருந்தேன். அத்தை பையன் கல்யாணம். அதற்காக எடுத்த லீவில் ஆறு நாள் லேத் பட்டறைகளில் போய்விட்டது. பழைய இங்கிலீஷ் வண்டியை ஊரில் வைத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

வண்டி மாமாவுடையது. 1951 மாடல் எம்.ஜி. டி.டி., இரண்டே சீட், 1,250 சி.சி. எழுபதுகளில் வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கினாராம். நவம்பரில் போன் செய்தார். "மாப்ள, சைலன்சர் பக்கம் புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு ஒருத்தன்கிட்ட காட்டினேன். மேனிஃபோல்டு ஸ்டட் மூணைக் கழட்டறேன்னு மரையவே காலி பண்ணிட்டான்."

மேனிஃபோல்டு என்பது இன்ஜின் புகையைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகும் குழாய். அதை இன்ஜினோடு இறுக்கும் தலையில்லாத போல்ட்தான் ஸ்டட். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த இன்ஜினில் 13 ஸ்பானர் ஏறாது, 14 போட்டால் நழுவும். பிரிட்டிஷ் வண்டிதானே, எல்லாம் இன்ச் என்று நினைப்பார்கள். ஆனால் உள்ளே இருப்பது மில்லிமீட்டர் மரை. வெளியே நட்டின் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு. அந்த மரையும் இன்று கடையில் கிடைக்கிற சாதாரண 8 மி.மீ. மரை இல்லை. சாதாரண மரையின் பிட்ச், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி, 1.25 மி.மீ., இதற்கு 1.0. சாதாரண போல்ட்டைக் கொடுத்தால் இரண்டு சுற்று நல்லபிள்ளை மாதிரி போகும். அப்புறம் இறுகும். "துரு" என்று சொல்லி நீளக் குழாய் மாட்டித் திருகினால் முடிந்தது கதை.

இந்தக் கோளாறின் பூர்வீகம் இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் கோவென்ட்ரி. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி அங்கே வந்து ஃபாக்டரி போட்டது. போர் முடிந்ததும் மோரிஸ் கார்களுக்கு இன்ஜின் செய்து கொடுத்தார்கள். 1923-இல் மோரிஸே அதை வாங்கிக்கொண்டார். மெஷின், அளவு எல்லாம் பிரெஞ்சு வழக்கம். அதை மாற்றச் செலவாகும். பிரிட்டிஷ் மெக்கானிக் கையில் இருப்பதோ விட்வொர்த் ஸ்பானர். அதனால் தலையை மட்டும் மாற்றினார்கள். எம்.ஜி. டி.டி.யின் இன்ஜின் வரை அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டே வந்தது. காஸ்ஃபோர்டு தெருவில் இருந்த அந்த ஃபாக்டரி இன்று பல்கலைக்கழகக் கட்டடம். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஹெலிகாயில் கிட் (கெட்டுப்போன ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்கள்), 8-க்கு 1.0 ஸ்டட் (8 மி.மீ., பிட்ச் 1.0), பித்தளை நட், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் போடும் ஹெட் கேஸ்கெட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். ஏர்போர்ட்டில் ஸ்பிரிங் மாதிரி இருந்த பொடிச் சுருள்களைப் பார்த்து "இது என்ன சார்?" என்றார்கள். "மரை" என்றேன். எனக்கே ஒன்று கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்று ஓட்டையும் மூன்று விதம். ஒன்றில் மரை வழித்துப்போய் வழவழ என்று இருந்தது. இரண்டாவதில் உடைந்த ஸ்டட்டைக் கை டிரில்லால் குடைந்து, ஓட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூன்றாவதில், உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் உள்ளேயே முறிந்து கிடந்தது. அது ஸ்டட்டைவிடக் கடினம், சாதாரண டிரில் அதைத் தொடாது.

நஞ்சப்பா ரோட்டுக் கடையில் 8-க்கு 1.0 டேப் (ஓட்டையில் மரை வெட்டும் கருவி) கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். சுருள் மட்டும் 1.25-தான் இருந்தது, கிட் கொண்டுபோனது நல்லதாயிற்று. முதலில் போன பட்டறையில், "வெல்டு வெச்சு அடைச்சுப்போட்டுப் புது ஓட்டை போட்டுக்கலாம், சாயங்காலம் வாங்க" என்றார்கள். வார்ப்பிரும்பு ஹெட் அது. முறையாகச் சூடேற்றாமல் வெல்டு வைத்தால் ஆறும்போதே விரிசல் விடும். ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது காட்டூரில் ஒரு சின்ன பட்டறை. அங்கிருந்த அண்ணன் ஹெட்டைப் பார்க்கவே இல்லை. "பழைய ஸ்டட் இருக்குதுங்களா தம்பி?" என்றார். கொடுத்தேன். பிட்ச் கேஜை விரித்து, ஒவ்வொரு இதழாக மரையின்மேல் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எட்டுக்கு ஒண்ணு" என்றார். எனக்கு அப்போதே நிம்மதி.

முறிந்த ஈசி அவுட்டுக்கு கணபதியில் ஒரு டூல் ரூம். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எண்ணெயில் ஹெட்டை முக்கி, செம்புக் குச்சியை மேலே இறக்கினார்கள். நீலப் பொறி பறந்துகொண்டே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஈசி அவுட்டின் நடுப்பகுதி கரைந்து, மீதியை ஊசியால் கிளறி எடுத்தார்கள். வேலை சுத்தம். பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு நாலு மணிக்குத்தான் கை வைத்தார்கள் என்பதுதான் குறை. உட்கார ஒரு ஸ்டூல் கூட இல்லை.

சாய்ந்த ஓட்டைதான் பெரிய வேலை. டிரில் பிட்டை விட்டால் பழைய ஓட்டைப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும் என்று, அண்ணன் மில்லிங் மெஷினில் எண்ட் மில் (பக்கம் விலகாமல் வெட்டும் கட்டர்) போட்டு நேராக்கினார். லேத்தில் மரையோடு ஒரு உலோகக் கட்டை கடைந்து, லாக்டைட் பசை தடவி அந்த ஓட்டையில் இறுக்கி, மட்டமாக வழித்தார். மேனிஃபோல்டையே மேலே வைத்து மையம் குறித்து, அந்தக் கட்டையில் புது ஓட்டை போட்டார்.

மற்ற இரண்டுக்கும் ஹெலிகாயில். 8.3 பிட், அப்புறம் கிட்டில் வந்த டேப். எண்ணெய் விடவில்லை, வார்ப்பிரும்புக்கு வேண்டாம் என்றார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். கண்மை மாதிரி கறுப்புத் தூள் வந்தது. சுருளைத் திருகி, மேல்மட்டத்துக்கு அரைச் சுற்று கீழே நிறுத்தினார். அடியில் இருக்கும் வாலை ஒரு தட்டு தட்டினார். டிக். உடைந்த வாலைச் சாமணத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டு ஓட்டைக்கு ரெண்டு வால், எண்ணிக்குங்க. ஒண்ணு உள்ள போச்சுன்னா பிஸ்டனுக்குப் போயிரும்."

பட்டறைக்கு 2,400, ஸ்பார்க்குக்கு 900. கோவென்ட்ரியில் இந்தக் காசுக்கு ஒரு மணி நேரம் கூட நிற்கமாட்டார்கள். மிச்சச் சுருள்களையும் டேப்பையும் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். டப்பா மேல் மார்க்கரால் "எம்.ஜி. 8 x 1" என்று எழுதி மேல் தட்டில் வைத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா என்னை உட்காரவைத்து அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் வரை ஓட்டினார். புஸ் சத்தம் இல்லை. ரேடியேட்டர் ஹோஸில் ஒழுகுகிறது. அதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அதற்குள் யாரும் தொடக்கூடாது என்று ஸ்பானர் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டார்.