பாரிஸ் சுரங்கமா, சிட்னி சுரங்கமா?

கோயிலுக்குக் கோயில் சுரங்கப்பாதைக் கதை கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள், தஞ்சாவூர்ப் பக்கம். சுரங்கத்துக்குள் நடக்கும் இரண்டு திகில் படங்களில் இன்று ராத்திரி எதைப் போடலாம் என்று தம்பி கேட்டான்.

இடம்: 'ஆஸ் அபவ், ஸோ பிலோ' (2014) பாரிஸில் மனித எலும்புகளை அடுக்கிவைத்திருக்கும் நிஜமான சுரங்கங்களிலேயே எடுத்தது. 'தி டனல்' (2011) சிட்னியில், கைவிடப்பட்ட ரயில் சுரங்கங்களில் நடப்பது.

செலவு: டனலைத் தயாரித்தவர்களே இணையத்தில் இலவசமாக விட்டார்கள்.

பயம்: பாரிஸ் படத்தில் எலும்புக் குவியலுக்குள் ஒருவர் சிக்கிக்கொள்வார், எனக்கே மூச்சு அடைத்தது. அப்புறம் ரசவாதக் கல், நரகம் என்று புதிர் ஏறிவிடும். டனலில், சுரங்கத்துக்குள் போன டிவி செய்திக் குழுவினரின் பேட்டிகள் இடையிடையே வருவதால், உண்மையில் நடந்தது போலவே இருக்கும். இருட்டுதான் அதன் பலம்.

கூட்டமாகக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க பாரிஸ். தனியாக, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க டனல். இடுக்கான இடம் ஆகாதவர்கள் பாரிஸ் பக்கமே போக வேண்டாம்.